மாத்திரையும் கத்தியும்

வணக்கம் சார்,

நான் விஸ்காம் மூன்றாம் ஆண்டு மாணவி. பெயர் வேண்டாம். இந்த செமஸ்டரில் எங்களுக்கு ஒரு சைக்கலாஜிக்கல் த்ரில்லர் ட்ரெய்லர் எடுக்கும் வேலை. படம் கிடையாது, ட்ரெய்லர் மட்டும்தான். அந்த ஜானரின், அதாவது அந்தப் பட வகையின், மரபுகளை எங்கே பயன்படுத்தினோம், எங்கே மீறினோம் என்று ஓர் அறிக்கையும் தரவேண்டும். ஐந்து பேர் சேர்ந்து எடுத்தோம்.

நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்தான் கதை. அலமாரியிலிருந்து எடுக்கும் புத்தகங்களில் பென்சில் அடிக்கோடுகளைப் பார்க்கிறாள், ஓரத்தில் குறிப்புகளைப் பார்க்கிறாள். எல்லாம் அவளுடைய கையெழுத்து. எழுதிய ஞாபகம் அவளுக்கு இல்லை.

ரெவியூவில் ஓர் ஆசிரியர் "எல்லாம் பார்த்ததுதானே" என்றார். இன்னொருவர் "த்ரில்லர் மாதிரியே இல்லை, ஒரே வெளிச்சமாக இருக்கிறது" என்றார். இரண்டும் ஒரே ட்ரெய்லருக்கு! நாங்கள் மீறியவை: இரவுக் காட்சி இல்லை, வில்லன் முகம் இல்லை, கடைசி இருபது விநாடிக்கு இசை இல்லை, மையப் பாத்திரம் பெண். பின்பற்றியவை: இதயத்துடிப்பு ஒலி, கண்ணாடி ஷாட், கருப்புத் திரையில் வாசகங்கள், வேகமான கட். யார் சொல்வது சரி சார்? எவ்வளவு மீறினால் போதும்? லிங்க் கீழே இருக்கிறது.

*

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் ட்ரெய்லரை நான்கு முறை பார்த்தேன். மூன்றாவது முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டேன். நீங்கள் ஐந்து பேரும் ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள்.

உங்கள் ஆசிரியர்கள் இருவர் சொன்னதும் சரி. ஒருவர் முதல் பாதியைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் இரண்டாம் பாதியைப் பற்றி. முதல் ஐம்பது விநாடியில் வெளிச்சமான நூலகம், நிதானமான ஷாட்கள், மெல்லிய கிதார். ஒரு காதல் கதை தொடங்கப்போகிறது என்று நினைத்தால் தப்பில்லை. அதன்பின் திடீரென்று இதயத்துடிப்பு, கண்ணாடி, கத்தி, கருப்புத் திரை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிகின்றன. மரபே இல்லாத ஒரு பாதியும் மரபு மட்டுமே இருக்கிற ஒரு பாதியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

ட்ரெய்லருக்கு மரபு முழுநீளப் படத்தைவிட அதிகம் தேவைப்படுகிறது. படத்தில் ஒரு பாத்திரத்தை அறிமுகம் செய்ய இருபது நிமிடம் கிடைக்கும். உங்களிடம் இருப்பது மொத்தமே 1 நிமிடம் 52 விநாடி. இது எந்த வகைப் படம், எதற்குப் பயப்படவேண்டும் என்பதைப் பார்ப்பவருக்கு உடனே தெரிவிக்கவேண்டும். காலங்காலமாகப் பழகிய அடையாளங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வெட்கப்படவேண்டாம்.

எவ்வளவு மீறலாம் என்று கேட்டீர்கள். ட்ரெய்லர் வரலாற்றிலேயே துணிச்சலான இரண்டைச் சொல்கிறேன். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960இல் வந்தபோது அதன் ட்ரெய்லர் ஆறரை நிமிடம் ஓடியது. படத்தின் காட்சிகளை வெட்டி ஒட்டவில்லை. ஹிட்ச்காக்கே அந்த மோட்டலையும் வீட்டையும் சுற்றிக் காட்டுகிறார், வீடு விற்கும் தரகர்போல நிதானமாக. இங்கேதான் அது நடந்தது என்று பாதி சொல்லிப் பாதி விழுங்குகிறார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்குகிறார். ஒரு பெண்ணின் அலறல். அங்கே அலறுவது படத்தில் குளியலறைக் காட்சியில் நடித்த ஜானட் லீ இல்லை, விக் வைத்துக்கொண்ட வேரா மைல்ஸ். ஆக வேகமான கட் இல்லை, இருட்டு இல்லை, கதைச் சுருக்கமும் இல்லை. ஆனால் அலறலை மட்டும் அவர் விடவில்லை. ஆறு நிமிடமும் அந்த ஒரு விநாடிக்காகவே காத்திருக்கின்றன.

இன்னொன்று ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1980இல் வந்த 'தி ஷைனிங்' படத்தின் டீசர். ஒரே ஷாட். லிஃப்ட் கதவுகளுக்கு எதிரே கேமரா அசையாமல் நிற்கிறது. பெயர்கள் கீழிருந்து மேலே போகின்றன. அப்புறம் ரத்தம் வெள்ளமாக வருகிறது. நடிகர் முகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஏறிக்கொண்டே போகும் ஒலி இருக்கிறது. குப்ரிக் அதைக் கைவிடவில்லை.

நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது. எஸ். பாலசந்தர் 1954இல் எடுத்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய மீறல் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். ஆனால் அந்தப் படம் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது: துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கும் வழக்கமான சட்டகம். அந்தச் சட்டகம் உறுதியாக இருந்ததால்தான் மற்றவற்றை பாலசந்தரால் தூக்கிப் போட முடிந்தது.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பெண் மையப் பாத்திரம் என்பதை மீறல் கணக்கில் எழுதாதீர்கள். 1940களிலிருந்தே இந்த ஜானரில் பயப்படுபவரும் சந்தேகப்படுபவரும் பெரும்பாலும் பெண்தான். இசை இல்லாத கடைசி இருபது விநாடி நன்றாக இருக்கிறது, அப்படியே விடுங்கள். 2011இல் வந்த 'நடுநிசி நாய்கள்' முழுப் படமுமே பின்னணி இசை இல்லாமல் வந்தது. அதனால் இது புதிது என்று மட்டும் அறிக்கையில் எழுதவேண்டாம். பகல் வெளிச்சத்தையும் மாற்றாதீர்கள். வெளிச்சம் செய்யாத வேலையை ஒலி செய்யட்டும். அதற்கான பொருள் உங்கள் நூலகத்திலேயே இருக்கிறது. முதல் காட்சியில் அவள் தேதி முத்திரை குத்துகிறாள், 'டப்' என்று ஒரு சத்தம். அருமையான சத்தம் அது. டவுன்லோடு செய்த இதயத்துடிப்பை எடுத்துவிட்டு முத்திரைச் சத்தத்தைத் தாளமாக வைத்துப் பாருங்கள். முதலில் இடைவெளி விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி. இதயத்துடிப்பு எதற்காக வைக்கப்படுகிறதோ அந்த வேலை அப்படியே நடக்கும், சத்தம் மட்டும் உங்கள் கதையுடையதாக இருக்கும்.

இனி நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். உங்கள் இரண்டு பட்டியலிலும் இல்லாத ஒரு மரபு ட்ரெய்லரில் இருக்கிறது. 1:10இல் மாத்திரை அட்டை ஒன்று தரையில் விழுகிறது, மாத்திரைகள் சிதறுகின்றன. அடுத்த கட் கத்தி. நான்கு விநாடிகூட இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் பார்ப்பவர் மனதில் ஒரு வாக்கியம் முடிந்துவிடுகிறது: இவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள், இனி கொலை செய்வாள். இரண்டு ஷாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாவதாக ஓர் அர்த்தம் பிறக்கும் என்று எடிட்டிங் வகுப்பில் முதல் வாரமே படித்திருப்பீர்கள். இங்கே பிறந்த அர்த்தத்தை நீங்கள் யோசித்து வைத்ததாகத் தெரியவில்லை. நீங்கள் பார்த்து வளர்ந்த படங்கள் உங்கள் கையைப் பிடித்து அந்த 'கட்'டைப் போட வைத்திருக்கின்றன.

உங்களை மட்டும் சொல்லவில்லை. 'சிகப்பு ரோஜாக்கள்' 1978, 'மூடுபனி' 1980. இரண்டையும் இப்போதும் வியந்து பார்க்கிறேன். இரண்டிலும் சிறுவயதில் பட்ட காயம் கொலைகாரனாக வளர்ந்து நிற்கிறது. 'அந்நியன்' வந்த 2005இல் பிளவுபட்ட மனம் என்றால் கொல்லும் மனம் என்பது நமக்கு நன்றாகவே பழகிவிட்டது. மனம் உடைந்தவரைப் பார்த்துப் பயப்படு என்பதுதான் இந்த ஜானரின் மிகப் பழைய, மிக வசதியான மரபு. நிஜத்திலோ மனநோய் உள்ளவர்கள் மற்றவரைத் தாக்குவதைவிட மற்றவரால் தாக்கப்படுவதே அதிகம்.

என் சித்தி இருபது வருடத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டவர். காலையில் ஒன்று, இரவில் இரண்டு. அந்த மாத்திரைகளோடுதான் சமைத்தார், தையல் வகுப்பு நடத்தினார், எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அட்டை எப்போதும் டிவி மேல்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் ஒருவன் மாத்திரைகளைத் துப்பிவிட்டு வெறிபிடித்து எழுகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அலறிச் சிரித்தார்கள். சித்தி எழுந்து உள்ளே போனார். மறுநாளிலிருந்து மாத்திரை அட்டை டிவி மேல் இல்லை. அரிசி டப்பாவுக்குள் போய்விட்டது. விருந்தாளி யாராவது இருந்தால் இரவு மாத்திரையைத் தள்ளிப் போடுவார், சில நாள் மறந்தும் போவார். அது எனக்குப் புரியவே பல வருடம் ஆனது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களைப் பார்த்துப் பயந்த ஒரு சமூகம்தான் சங்கிலி போட்டது. எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்லவேண்டியிருந்தது. இரண்டு நிமிட மாணவர் ட்ரெய்லருக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று மாணவராக இருந்து இந்த 'கட்'டைப் போடுபவர்தான் ஐந்து வருடம் கழித்துப் படம் எடுப்பார்.

சரி, என்ன செய்வது? மாத்திரையைத் தூக்கிவிடச் சொல்லமாட்டேன். அவள் மாத்திரை சாப்பிடட்டும். ஒழுங்காக, நேரத்துக்கு, ஒரு டம்ளர் தண்ணீரோடு, இன்னொரு கையில் டிபன் பாக்ஸோடு. அவ்வளவு சாதாரணமாக. அதற்குப் பிறகும் அடிக்கோடுகள் வருகின்றன. அவள் யாரிடமாவது சொன்னால், கேட்பவர் அவள் பையில் தெரியும் மாத்திரை அட்டையைப் பார்க்கிறார், பதில் சொல்லாமல் திரும்பிக்கொள்கிறார். இப்போது பயம் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அவள் என்ன செய்துவிடுவாளோ என்ற பயம் போய், அவள் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்களே என்ற பயம் வருகிறது.

இது ஜானருக்கு வெளியிலிருந்து இரவல் வாங்கியதுகூட இல்லை. 1944இல் வந்த 'கேஸ்லைட்' படத்தில் ஒரு கணவன் தன் மனைவியை அவளுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்று நம்ப வைக்கிறான். அவள் கண்ணுக்கு விளக்கு மங்குகிறது. அது உண்மையாகவே மங்கத்தான் செய்கிறது. அவள் பார்த்ததெல்லாம் சரி. அதுவும் இந்த ஜானரின் மரபுதான். ஒரு மரபை இன்னொரு மரபை வைத்தே மீறலாம். பார்ப்பவருக்கு ஜானர் கைவிட்டுப் போகாது.

கத்தியை எடுத்துவிடுங்கள். கத்தி இருக்கும்வரை கேள்வி 'யாரைக் குத்துவாள்' என்பதாகவே இருக்கும். கடைசியில் கண்ணாடிக்குள் அவள் பிம்பம் மட்டும் சிரிக்கும் ஷாட்டையும் எடுத்துவிடுங்கள். அதற்காக நீங்கள் நிறைய உழைத்திருப்பீர்கள் என்று தெரிகிறது, லைட்டிங்கூட நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு, இவளுக்குள் ஒரு பேய் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. மாத்திரைக்கும் கத்திக்கும் நடுவில் வந்த அதே வாக்கியம்.

அந்த இடத்தில் வைக்க உங்களிடமே ஒரு ஷாட் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. 0:33இல் அவள் அடிக்கோடிட்ட ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறாள். தேதி முத்திரை குத்த ஒட்டியிருக்கும் சீட்டு வெறுமையாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தை இதுவரை யாருமே எடுத்ததில்லை! முழு ட்ரெய்லரிலும் எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் அது ஒன்றுதான், அதுவும் மூன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது. அரை விநாடியில் கடந்துபோகிறது. அதைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். முத்திரைச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து சட்டென்று நிற்கட்டும். இசையில்லாத அந்த இருபது விநாடியில் இந்தச் சீட்டுக்கு ஐந்து விநாடியாவது கொடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

அறிக்கையில் பின்பற்றியவை, மீறியவை என்று இரண்டு பட்டியல் போடாதீர்கள். மாத்திரைக்கும் கத்திக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு 'கட்'டைப் பற்றி மட்டும் எழுதுங்கள். முதல் எடிட்டில் ஏன் வைத்தீர்கள், எதைப் பார்த்து வைத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள். இரண்டு எடிட்டையும் ஆசிரியர்களுக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

சீட்டு ஷாட்டின் ஒரிஜினல் ஃபுட்டேஜ் இன்னும் நீளமாக உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் அதை மட்டுமாவது மறுபடி எடுங்கள், அதே ஜன்னலோரத்தில், அதே காலை வெளிச்சத்தில். புது எடிட் தயாரானதும் அனுப்புங்கள், ரெவியூவுக்கு முன்னால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.