தண்ணீரும் போகாத வலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். தக்கலை பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பிறந்த ஊர் முட்டம். மகள் டெல்லியில் படிக்கிறாள். பிப்ரவரியில் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது ஓக்லாவில் நடந்த இந்தியா ஆர்ட் ஃபேர் என்ற ஓவியச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரத்திலேயே எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரு பெரிய கண்ணாடி வட்டத்தின் முன்னால் படமெடுக்க வரிசையே நின்றது. அதைத் தாண்டி ஒரு மூலையில், சாம்பல் நிற நூலால் முடிந்த ஒன்று கூரையிலிருந்து தரைவரை தொங்கியது. பார்த்ததும் நின்றுவிட்டேன். என் அப்பா வலை பின்னுகிறவர். அந்த முடிச்சு எனக்குத் தெரியும். மேலே வலைக்கண் பெரிதாக இருந்தது. கீழே வரவரச் சிறுத்து, அடியில் கண்ணே இல்லாமல் நூல் இறுகிக் கிடந்தது. அப்பா பார்த்திருந்தால், “இதுல நெத்திலியும் தப்பாது, தண்ணியும் போகாது, இத வச்சு என்ன செய்ய?” என்று கேட்டிருப்பார். சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. மகள், “அம்மா, இது யாருன்னே தெரியாது, அங்க பெரிய ஆளோட வேலை இருக்கு” என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். செய்தவர் பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை.

அப்பாவின் நினைவால் ஒன்று பிடித்துப்போவதை ரசனை என்று சொல்லலாமா? அவ்வளவு பெரிய இடத்தில் நமக்கானதை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் ஒட்டியிருந்த ஆங்கிலத்தை இரண்டு தடவை வாசித்தும் விளங்கவில்லை. விலை கேட்க ஆசையாக இருந்தது. ஆனால் வாங்கப்போவதில்லையே என்று கேட்கவில்லை. என்னைப்போன்றவர்கள் அங்கே போவது சரிதானா என்றும் ஒரு சந்தேகம்.

அன்புடன்,
எம்., தக்கலை

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, உங்கள் அப்பா கேட்டிருப்பார் என்று நீங்கள் எழுதிய கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் அந்த வேலையைப் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்தே பேசுகிறேன். கண் சிறுத்துக்கொண்டே வருவதை அந்த வழியாகப் போன பலரும் பார்த்திருப்பார்கள். அழகான நூல்வேலை என்று நினைத்துக்கொண்டு அடுத்த அரங்குக்கு நகர்ந்திருப்பார்கள். தண்ணீர் போகாத வலையைக் கடலில் இழுக்க முடியாது, இழுத்தால் வள்ளத்தையே கவிழ்த்துவிடும் என்பது கடற்கரை வீட்டில் வளர்ந்தவருக்குத்தான் உடனே உறைக்கும். ஒன்றையும் விடக்கூடாது என்று பின்னப்பட்ட வலை ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. இதைவிடத் தெளிவாக அந்தச் சுவரில் ஒட்டிய ஆங்கிலம் சொல்லியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

நினைவால் பிடிப்பது ரசனையா என்றால், பாதிதான். வெறும் நினைவு என்றால் முட்டம் துறைமுகத்தில் காயப்போட்டிருக்கும் வலையே போதும், டெல்லிவரை போக வேண்டாம். நினைவு உங்களை நிறுத்தியது, அவ்வளவுதான். நின்ற பிறகு நீங்கள் கண்ணளவைப் பார்த்திருக்கிறீர்கள், அது எங்கே மாறுகிறது என்று கவனித்திருக்கிறீர்கள், ஏன் மாறுகிறது என்று யோசித்திருக்கிறீர்கள். அந்த இரண்டாவது பாதியைத்தான் நான் ரசனை என்று சொல்வேன்.

பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்குப் பக்கத்தில்தான். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். கறுத்து மினுங்கும் அந்தத் தரையில் நின்றுகொண்டு, “இது என்ன சொல்ல வருது?” என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. “இது எதால போட்டது?” என்றுதான் கேட்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே போக, பெரியவர்களும் குனிந்து தொட்டுப் பார்ப்பார்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பற்றிப் பேசுகிற யாரும் அது கல் அல்ல, கடுசர்க்கரை என்ற கலவையால் செய்தது என்பதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். எதனால் செய்தது, எப்படிச் செய்தது என்பதிலிருந்து தொடங்குவது நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். ஓவியச் சந்தைக்குள் நுழைந்ததும், அங்கே கேட்க வேண்டியது வேறு ஏதோ கேள்வி என்று நினைத்து அதை விட்டுவிடுகிறோம்.

ஆகவே ஆங்கிலக் குறிப்பில் நீளமான பத்தியை விட்டுவிடுங்கள். செய்தவர் பெயர், தலைப்பு, ஆண்டு இவற்றுக்குப் பக்கத்தில், எதனால் செய்தது என்று ஒரே ஒரு வரி இருக்கும். அதை மட்டும் வாசியுங்கள். சமகாலக் கலைஞர்கள் பலருக்கு அந்த வரியில்தான் பாதி வேலை நடக்கிறது.

சிற்பி பெனிதா பெர்சியாலைச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் பிறந்து, சென்னை கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொச்சியில் நடக்கும் பெரிய கலைக் கண்காட்சி கொச்சி-முசிறிஸ் பினாலே. 2014-இல் அங்கே, பெப்பர் ஹவுஸ் என்ற பழைய கடலோரக் கிட்டங்கியில் அவருடைய கிறிஸ்தவச் சுரூபங்கள் இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய மாதா கோயில்களின் பின்னறைகளில் கிடக்கும் மரச்சுரூபம்போலத்தான் இருக்கும். அருகே போகுமுன்னே வாசனை வந்துவிடும். சாம்பிராணி, வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு எல்லாம் பொடித்துக் குழைத்துச் செய்தவை. முட்டத்தில் ஞாயிறு பூசைக்குப் போய் வளர்ந்த உங்களுக்கு குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் மூவர் கொண்டுவந்த காணிக்கையில் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் இருந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. வாசனைப் பொருள் ஏற்றிய கப்பல்கள் வந்த கரையில், அந்தக் கப்பல்கள் வந்த வழியிலேயே வந்த மதத்தின் உருவம், அந்தப் பொருளாலேயே நிற்கிறது. தீ வைத்தால் புகைந்து தீர்ந்துவிடும் ஒரு சுரூபம்.

இப்போது அதையே வெண்கலத்தில் வார்த்ததாக நினைத்துப் பாருங்கள். உருவம் அப்படியே இருக்கும், வேலை செத்துப்போயிருக்கும். இதுதான் நான் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் வைத்துப் பார்க்கும் சோதனை. பொருளை மனதுக்குள் மாற்றிப் பார்ப்பேன். மாற்றியும் ஒன்றும் குறையவில்லை என்றால் கடந்துவிடுவேன். உங்கள் வலையைப் பென்சிலால் வரைந்திருந்தால் நீங்கள் நின்றிருப்பீர்களா? இருக்காது. கையால் முடிந்ததால்தான், கடைசி வரிசைகளில் ஊசியே நுழைய இடமில்லாமல் முடிந்த அந்தக் கையை நினைக்கிறோம். உழைப்பு அதிகம் என்பதற்காகவே ஒன்றைக் கொண்டாட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் குண்டூசி குத்தி வரைந்த முகங்களை ஒவ்வொரு சந்தையிலும் பார்க்கிறேன். குண்டூசியை எடுத்துவிட்டாலும் அதே முகம்தான்.

இந்தச் சோதனையில் வேடிக்கையாகத் தேறுவது அந்த வாழைப்பழம். 2019-இல் மியாமி பீச்சில் நடந்த ஆர்ட் பாசல் என்ற ஓவியச் சந்தையில் இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் சுவரில் டேப் போட்டு ஒட்டிய பழம். அன்றைய விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. பழம் அழுகினால் வேறு பழம் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம், வாங்கியவருக்குக் கிடைப்பது சான்றிதழும் ஒட்டும் முறையும். அதாவது அதன் மூலப்பொருள் பழமே அல்ல, சந்தைதான். ஓவியச் சந்தையை எடுத்துவிட்டால் நாகர்கோவில் வடசேரியில் தொங்கும் மட்டி வாழைக்குலைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை (ருசியில் மட்டி ஒருபடி மேல் என்பது என் கட்சி). அதைக் கெட்டிக்காரத்தனம் என்று ஒத்துக்கொள்வேன். பிடித்தமானவை வரிசையில் சேர்க்கமாட்டேன்.

நீங்கள் போன இடம் சந்தை என்பதையும் மறக்கக்கூடாது. இந்தியா ஆர்ட் ஃபேர் 2008-இல் வேறு பெயரில் பிரகதி மைதானத்தில் தொடங்கியது. ஓவியக்கூடங்கள் வாடகை கொடுத்து இடம் பிடிக்கின்றன, வாடகை திரும்பி வர வேண்டும். அதனால் சுவரில் மாட்டக்கூடியது, வண்டியில் ஏற்றக்கூடியது, வரவேற்பறையில் உறுத்தாதது, ஏற்கெனவே விலைபோன பெயர் ஆகியவை முன்னால் நிற்கும். உங்கள் வலை மூலையில் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. நான் எப்போதும் ஓரங்களிலிருந்தே தொடங்குவேன்.

விற்க முடியாத வேலைகளைப் பார்க்க பினாலேதான் வழி. 2012-இல் கொச்சியின் முதல் பினாலேயில் ஷீலா கவுடாவும் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் ஆஸ்பின்வால் ஹவுஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டுக்கற்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெங்களூர் வீடுகளில் மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு, உடைக்கவும் மனமில்லாமல் வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் தெருவோரத்தில் விட்டுவிட்ட கற்கள். மிளகும் மஞ்சளும் ஏற்றி அனுப்பிய கம்பெனிக் கட்டடத்துக்குள், அவற்றை அரைத்த கல் வந்து உட்கார்ந்திருந்தது. எந்தப் பணக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது? நம் வீட்டுப் புறக்கடையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும் ஆட்டுரலை நான் அதற்குப் பிறகு வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

பார்த்த அன்றே பிடித்ததாக ஆகிவிட வேண்டும் என்பதும் இல்லை. 2016 பினாலேயில் சிலி நாட்டுக் கவிஞர் ரவூல் சுரீத்தா, அதே ஆஸ்பின்வாலின் நீண்ட கிட்டங்கி ஒன்றில் கடல்தண்ணீரை நிரப்பியிருந்தார். சேலையை, வேட்டியை, பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து போனால், எதிர்ச்சுவரில் கவிதை. சிரியாவிலிருந்து தப்பிக்கும்போது படகு கவிழ்ந்து இறந்த காலிப் குர்தி என்ற சிறுவனுக்காக எழுதியது. அவன் தம்பி ஆலன் கரையொதுங்கிக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. அண்ணனுக்கு அப்படி ஒரு படம் இல்லை. அன்று எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடம் நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று ஊர் ஊராகத் திரும்பி வராதவர்களின் படத்தை ஃபிளெக்ஸில் வைத்திருந்தார்கள். அந்தப் படங்களின் முன் நின்றபோதுதான் கொச்சியில் காலில் ஏறிய அந்தத் தண்ணீர் எதற்கு என்று எனக்குப் பிடிபட்டது. அதன்பிறகு, நான் பார்த்த சமகால வேலைகளில் எது பிடிக்கும் என்று யாராவது கேட்டால் முதலில் வாயில் வருவது அதுதான். அதைக் கவிதையாகப் புத்தகத்தில் மட்டும் வாசித்திருந்தால் இது நடந்திருக்காது.

அவ்வளவு பெரிய இடத்தில் நமக்கானதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். இரண்டு மணி நேரத்துக்குமேல் கண் ஒன்றையும் உள்ளே விடாது. முதல் சுற்றில் போனைப் பையில் போட்டுவிட்டு, குறிப்பு வாசிக்காமல் வேகமாக நடந்துவிடுங்கள். வெளியே வந்து ஒரு டீ குடியுங்கள். அப்போது மகளிடம் சொல்ல வாயில் வருவது எது? அதைத் தேடி மட்டும் திரும்பிப் போங்கள். மற்றதெல்லாம் போகட்டும், ஒன்றும் குடிமுழுகாது. புகழ்பெற்றவர்களின் வேலையைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்ற உறுத்தல் இருந்தால், திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் 1935 முதல் ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம் இருக்கிறது. ரவிவர்மாவும் ரஷ்ய ஓவியர்களான ரோரிக்குகளும் அந்த வளாகத்தில் காத்திருக்கிறார்கள். அவசரமில்லை.

வலை செய்தவரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியும் என்றே நினைக்கிறேன். உங்கள் மகள் அன்று எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்றின் பின்னணியில் அந்த அரங்கின் பெயரோ எண்ணோ விழுந்திருக்கும். கூடத்தின் பெயர் கிடைத்தால் போதும். மின்னஞ்சலில் நீங்கள் எனக்கு எழுதியதையே எழுதுங்கள், அப்பா கேட்டிருக்கக்கூடிய கேள்வி உட்பட. அவர்கள் அதைக் கலைஞருக்கு அனுப்பிவைப்பார்கள். இப்படி ஒரு கடிதம் வருவதை விரும்பாத கலைஞரை நான் இதுவரை பார்த்ததில்லை.

விலை கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அரங்கில் இருப்பவர்களின் வேலையே அதைச் சொல்வதுதான். கேட்டவர்கள் எல்லோரும் வாங்குவதில்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம். அச்சுப்படம் என்றால் கீழே பென்சிலால் 3/25 என்பதுபோல எழுதியிருக்கும், இருபத்தைந்து பிரதிகளில் மூன்றாவது. ஒரே ஒரு அசல் ஓவியத்தைவிட இவை விலை குறைவு. ஆசிரியர் சம்பளத்தில் எட்டக்கூடியதும் சில சமயம் கிடைக்கும்.

கூட்டமும் பளபளப்பும் இல்லாமல் பார்க்க வேண்டும் என்றால் டெல்லி வேண்டாம். கூட்டத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் பெங்களூர் போங்கள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமாரகிருபா சாலை முழுக்க சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் நடத்தும் சித்திரச் சந்தை. செய்தவர்களே தெருவோரம் உட்கார்ந்து விற்பார்கள். எதனால் செய்தது, எத்தனை நாள் ஆயிற்று, ஏன் இப்படி என்று அவர்களிடமே கேட்கலாம், தமிழிலேயே பதில் சொல்பவர்களும் நிறைய உண்டு. சுமாரானவைதான் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலிலிருந்து ராத்திரி ரயில் இருக்கிறது. திரும்பி வரும் டிக்கெட்டை மட்டும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள், பொங்கல் கூட்டம் தொடங்கியிருக்கும்.