கஷாயம் இருக்கட்டும், தூக்கம் எங்கே?

கேள்வி: நாங்கள் மும்பைக்கு அருகே டோம்பிவிலியில் இருக்கிறோம். நானும் கணவரும் காலை 7 மணி லோக்கல் ரயிலைப் பிடித்தால் வீடு திரும்ப இரவு 8 ஆகிவிடும். மகனுக்கு 5 வயது, சீனியர் கே.ஜி. ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம் அவனுக்குச் சளி பிடிக்கிறது, பிறகு எங்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. மாமியார் தினமும் இரண்டு வேளை எல்லோருக்கும் சீந்தில் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். வைட்டமின் சி, 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரைகளும் நாங்கள் இருவரும் மாதக்கணக்கில் போடுகிறோம். எதிர்ப்பு சக்திக்கு இன்னும் என்ன சாப்பிடலாம்? நேரம்தான் இல்லை. ரயிலிலேயே பட்டாணி உரித்துக்கொண்டு வருகிறேன். படுக்க 12 ஆகும், 5 மணிக்கு எழுந்துவிடுவேன்.

பதில்: சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கண் உங்கள் கடைசி வரியில்தான் நின்றது. ஐந்து மணி நேரத் தூக்கம்! 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 164 பேர் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று ஒரு வாரம் அளந்துவிட்டு, மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. இதை ஈடுகட்ட எந்தக் கஷாயத்தாலும் முடியாது.

காலை ரயிலை மாற்ற முடியாது. அதனால் இரவைத்தான் முன்னால் இழுக்க வேண்டும். நீங்கள் வரும்வரை பையனைக் காக்க வைக்காமல் மாமியாரை 7.30-க்கே சாப்பாடு கொடுத்துவிடச் சொல்லுங்கள். அவனுக்குப் பத்து மணி நேரத் தூக்கமாவது வேண்டும், 9 மணிக்குப் படுக்கையில் இருக்கட்டும். நீங்கள் வந்ததும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் டப்பாவுக்கான காயை நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் அரை மணி நேரம் மிச்சம். 10.15-க்கு விளக்கை அணைத்து 5.30-க்கு எழுந்தால் ஏழே கால் மணி நேரம் ஆயிற்று. போனைக் கூடத்திலேயே சார்ஜில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கிக் கடனை அடைக்கப் பார்த்தால், திங்கட்கிழமை இரவு தூக்கம் வராது.

பட்டாணி விஷயம். அது குக்கரில் வெந்துவிடும், பயமில்லை. கம்பியைப் பிடித்த கையால் கண்ணைக் கசக்குவதும் மூக்கைத் துடைப்பதும்தான் வினை. வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாகச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். பெரும்பாலோர் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு விரல் நுனியையும் கட்டைவிரலையும் மோதிரத்தின் அடியையும் விட்டுவிடுகிறார்கள். குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரே போதும், தேய்ப்பதுதான் முக்கியம். பையன் பள்ளியிலிருந்து வந்ததும் பாட்டி அவனுக்கும் இதைச் செய்யட்டும், வீட்டுக்குச் சளியைக் கொண்டு வருபவன் அவன்தானே! ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கஷாயம். மிளகும் சுக்கும் தொண்டைக்கு இதம் தரும், சளி பிடித்த நாளில் ஒரு டம்ளர் குடித்தால் தவறில்லை. ஆனால் சீந்திலை, அங்கே கிலோய் என்று விற்பதை, தினமும் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். 2020-இல் உங்கள் மும்பையிலேயே கிலோய் குடித்து வந்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. என்றாலும் தெளிவான பலன் இல்லாத ஒன்றுக்காகக் குழந்தையின் கல்லீரலைப் பணயம் வைக்க வேண்டாம். ஜிங்க்கும் அப்படித்தான். பெரியவர்களுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் வாரக்கணக்கில் போட்டால் உடம்பில் தாமிரச்சத்து குறைந்து, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையலாம், எதற்காகப் போடுகிறீர்களோ அதற்கே உலை வைக்கும். வைட்டமின் சி-க்குத் தினம் ஒரு கொய்யாப்பழம் போதும்.

சாப்பாட்டில் பார்க்க வேண்டியது புரதம். கிலோ எடைக்கு 0.83 கிராம் வீதம், 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 46 கிராம் தேவை. சாம்பாரில் பருப்பு அடியில் தங்கிவிடும். பையனுக்கு மேலாக மொண்டு ஊற்றினால் புளித்தண்ணீர்தான் கிடைக்கும். கலக்கி, அடியிலிருந்து ஊற்றுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்கள் என்றால் முளைகட்டிய மட்கிப் பயறு, சுண்டல், தயிர்.

இந்த வயதில் வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். உங்கள் மகன் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறான். ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறை காதில் சீழ், எடை ஏறாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் எதிர்ப்பு சக்திப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

ஃப்ளூ தடுப்பூசி சாதாரணச் சளியைத் தடுக்காது. ஆனால் மும்பை மழையோடு வரும் ஃப்ளூவுக்கு அது உதவும். போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் வேலை செய்யும். பையனுக்கு இது முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும், அதனால் ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.