ஐந்து ஸ்டேஷன் தூரம்

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். வயது 31, தாராவியில் பிறந்து வளர்ந்தவன். சினிமாதான் என் உயிர். 'இதயம்' முரளி மாதிரி, '96' ராம் மாதிரி சொல்லாமலே நேசிக்கிற காதலுக்கு ஈடு உண்டா? எங்கள் ஆபீஸ் இருக்கும் கட்டடத்தில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை நான்கு வருடமாக மனசுக்குள் வைத்திருக்கிறேன். தினமும் மாஹிமிலிருந்து அந்தேரிக்கு ஒரே ரயிலில்தான் போகிறோம். '96' படத்தை 11 தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அவள் நினைவுதான். மொபைல் வந்து ஏக்கம் என்பதையே கொன்றுவிட்டது. இந்தக் காலத்துப் பெண்களுக்கும் காத்திருப்பின் அருமை தெரியவில்லை. சொல்லாத காதல்தானே உயர்ந்தது?

- பெயர் வேண்டாம், தாராவி, மும்பை

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே சுருக்கிப் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தையும் இரண்டு தடவை படித்தேன். அதில் 17 படங்களின் பெயர் வருகிறது. அந்தப் பெண் மூன்று இடத்தில் வருகிறாள்: மழையில் மஞ்சள் குடையோடு ஒரு தடவை, ரயிலின் லேடீஸ் பெட்டியிலிருந்து இறங்கும்போது ஒரு தடவை, லிஃப்டில் ஒரு தடவை. மூன்று இடத்திலும் அவள் வாயே திறக்கவில்லை. பழைய ஊமைப் படத்தில்கூட நடுநடுவே அட்டையில் எழுதிக் காட்டுவார்கள்.

'இதயம்' படத்தை நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம். 1991-ல் கதிர் எடுத்த படம். நாயகன் மருத்துவக் கல்லூரி மாணவன். காதலைச் சொல்ல வாய் வராது. கடைசியில் அவள் மனம் மாறி வரும்போது, சந்தோஷமோ துக்கமோ எதையும் இந்த இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். டாக்டருக்குப் படிக்கிற பையனுக்குச் சொல்லாமல் இருப்பதே வியாதி ஆகிறது. அது எச்சரிக்கை. நாம் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வியாதியைத் தத்துவமாக்கி வைத்துக்கொண்டோம். நம் தெருவில் ஆளுக்கொரு முரளி உருவானது அப்படித்தான்.

'96' விஷயத்தில் எனக்கு இன்னும் ஆச்சரியம். 11 தடவை பார்த்தவர் கண்ணில் இது எப்படிப் படாமல் போனது? அந்தப் படத்தில் இருவரும் மறுபடி சந்திக்கும் அந்த ராத்திரி முழுக்கப் பேசுகிறவள் ராமின் பள்ளிக்காலக் காதலி ஜானுதான். கேள்வி கேட்கிறவள், கோபப்படுகிறவள், கிண்டல் பண்ணுகிறவள் எல்லாம் அவள்தான். பள்ளிக்கூடத்தில் அவன் கேட்டுக் கேட்டும் வேண்டுமென்றே பாடாமல் விட்ட பாட்டை, 22 வருடம் கழித்து, கரண்ட் போன இருட்டில் அவளாகவே எடுக்கிறாள். அவன் வெளிச்சம் தேடித் தடுமாறுகிறான். நானும் அங்கேதான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன். ஆனால் அந்தக் காட்சியில் என்னை அடித்தது அவனுடைய மௌனம் அல்ல. இத்தனை வருடம் இவன் வாயைத் திறந்திருந்தால் இவள் இன்னும் எத்தனை பாட்டு பாடியிருப்பாள் என்பதுதான்.

ஏக்கப் படங்களில் பக்கத்து சீட்டில் இருப்பவரை யாரும் காட்டுவதில்லை. மாட்டுங்கா அரோராவில் பல வருடம் முன்பு, இந்த ரகத்தில் ஒரு படம். பெயர் மறந்துவிட்டது. எனக்கு முன்வரிசையில் ஐம்பது வயசு மதிக்கத்தக்கவர், வேட்டி நுனியால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுகிறார். பக்கத்தில் மனைவி. மடியில் எவர்சில்வர் டப்பா, அதில் பாதி முறுக்கு. லைட் போட்டதும் அந்த அம்மா மூடியை அழுத்தி மூடிக்கொண்டே, திருநெல்வேலிப் பேச்சில், "யாரை நெனச்சு அழுதிய? சரி, எந்திரிங்க, கடைசி வண்டி போயிரும்" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். சொல்லாத காதல் உயர்ந்தது என்று யார் எழுதினாலும் எனக்கு அந்த முறுக்கு டப்பா ஞாபகம் வந்துவிடுகிறது.

மொபைல் ஏக்கத்தைக் கொன்றுவிட்டதாம். மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் அவள் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று தெரிந்தால் அப்புறம் தூக்கமே வருவதில்லை என்று. செத்துப்போன ஏக்கம் ராத்திரி 11 மணிக்கு எப்படி எழுந்து உட்காருகிறது? 1996-ல் 'காதல் கோட்டை' வந்தபோது ஊர் பூராவும் எஸ்.டி.டி. பூத் இருந்தது. அந்த இரண்டு பேரும் முகம் பார்க்காமலே கடிதம் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஆனால் பேசிக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

உங்கள் வழியிலேயே இன்னொன்று சொல்கிறேன். மும்பை சென்ட்ரலில் மராத்தா மந்திர் இருக்கிறதல்லவா? 1995 அக்டோபரில் வந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' அங்கே வருடக்கணக்காக ஓடுகிறது. 2014 டிசம்பரிலேயே ஆயிரம் வாரத்தைத் தொட்டுவிட்டது. எதிரே பஸ் டிப்போ, பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷன். வண்டிக்கு நேரம் இருக்கிறவர்கள், உட்கார வேறு இடம் கிடைக்காத காதலர்கள், வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் ஆட்கள் எல்லாம் வருவார்கள். அந்த நாயகன் என்ன செய்தான்? லண்டனிலிருந்து கிளம்பிப் பஞ்சாபில் அவள் வீட்டு வாசலுக்கே போய் நின்றான். உங்களுக்கு மாஹிம், பாந்த்ரா, கார், சாந்தாக்ரூஸ், வில்லே பார்லே, அந்தேரி. ஏறின பிறகு ஐந்தே ஸ்டேஷன், அதுவும் ஒரே வண்டியில்.

"இந்தக் காலத்துப் பெண்களுக்குக் காத்திருப்பின் அருமை தெரியவில்லை" என்ற வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. பெட்டியில் போடாத கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று தபால்காரரோடு சண்டைக்குப் போவீர்களா? தவிர, காத்திருப்பதைப் பற்றித் தாராவிப் பெண்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். குழாயடியில் குடம் வைத்து வளர்ந்தவர்கள்.

நம் பழந்தமிழில் மடலேறுதல் என்று ஒன்று உண்டு. காதல் கைகூடாதவன் பனை மட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, ஊர்த் தெருவில் ஏறி வருவான், அல்லது வருவேன் என்று மிரட்டுவான். ஊர் பேச ஆரம்பிக்கும், பெண் வீடு பணியும். அழகாகப் பாடியிருக்கிறார்கள், ஆனால் அடியில் இருப்பது மிரட்டல்தான். பெண் மடலேறுவது மரபில்லை என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. நம் படங்களில் பஸ் ஸ்டாப் வரை துரத்திப் போய்ச் சம்மதம் வாங்கும் நாயகன் அந்தக் குதிரையில் வந்தவன்தான். அவன் முரடன், நான் மென்மையானவன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவன் அவளிடம் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அவனுக்குப் பதில் முன்கூட்டியே தெரியும், உங்களுக்குப் பதிலே தேவைப்படவில்லை. ஏக்கம் என்று நீங்கள் பெயர் வைத்திருப்பதில் முக்கால்வாசி பயம், தம்பி. பயப்படுவதில் தப்பில்லை. அதற்கு இளையராஜாவைப் பின்னணி வாசிக்கச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ரயிலில் கேட்காதீர்கள், லிஃப்டில் கண்டிப்பாக வேண்டாம். அவள் விலகிப் போக வழி இருக்கும் இடமாகப் பாருங்கள். அந்தேரி ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கட்டிங் சாய் குடிக்கலாமா என்று கேட்டாலே போதும், வசனம் தேவையில்லை. இல்லை என்றால் சரி என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நாளைக்கு அடுத்த வண்டியில் போங்கள். காலை நேரத்தில் மாஹிமில் சில நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது. அவள் ஆன்லைனில் இருக்கிறாளா என்று பார்ப்பதையும் அன்றோடு நிறுத்துங்கள்.

அவள் சாய் குடிக்க வந்தால் '96' பற்றி ஆரம்பிக்காதீர்கள். 17 படம் எழுதினீர்களே, அவளுக்குப் பிடித்த படம் ஒன்றுகூட அதில் இல்லை. என்னவென்று கேட்டு எழுதுங்கள்.