மாமாவின் கமரா – கடிதம்

வணக்கம் அண்ணா,

மாமா வெளிநாடு போகும்போது விட்டுப்போன பென்டக்ஸ் கே1000 கமராவை அலுமாரியிலிருந்து எடுத்தேன். ஷட்டர் வேலை செய்கிறது. போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கின்றன, ஆனால் கொஞ்சக் காலமாக எதைப் பார்த்தாலும் எடுக்கத் தோன்றுவதில்லை. பிலிமுக்கு மாறினால் அந்த ஆசை திரும்ப வருமா? இல்லை, இது வெறும் பழசு மோகமா? பிலிம் விற்கிற விலையில் யோசனையாக இருக்கிறது.

– வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

வரும் என்றே நம்புகிறேன். அந்தக் கமராவில் தானாக எதுவும் நடக்காது. உள்ளே ஓர் ஊசி வெளிச்சத்தைக் காட்டும், அவ்வளவுதான். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஃபோகஸ் மூன்றும் உங்கள் கையில். கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தாக வேண்டும். போனில் நாம் பார்ப்பதற்குள் எடுத்துவிடுகிறோம். உங்கள் ஆசை வற்றியது அங்கேதான் என்பது என் எண்ணம்.

400 ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளியுணர்திறன்) கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பத்து மணி வெயிலில் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போங்கள். பளிச்சென்ற வெயிலுக்கு ஷட்டர் 1/500 விநாடி, அப்பர்ச்சர் எஃப்/16. மேகம் மூடினால் எஃப்/8, கட்டட நிழலில் எஃப்/4. பற்றரி செத்திருந்தாலும் பரவாயில்லை, கே1000 ஷட்டருக்கு அது தேவையில்லை.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் பக்கம் நில்லுங்கள். எல்லோரும் அந்தச் சிவப்பு வெள்ளைச் சுவரைத்தான் எடுப்பார்கள். உங்கள் ரோலில் அந்தச் சிவப்பு சாம்பலாகிவிடும் என்பதால் கண் தானாகத் தெருவுக்கு இறங்கும். வெயிலும் நிழலும் பிரியும் கோட்டைத் தேடுங்கள். மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அதைத் தாண்டும்போது முதலில் மூட்டை வெளுக்கும், அப்புறம் முழங்கை, கடைசியில்தான் முகம். 50 மி.மீ. லென்ஸில் 1/1000, எஃப்/11 வைத்து (முன்பு சொன்ன 1/500, எஃப்/16க்குச் சமமான வெளிச்சம்தான்) 4 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ இரண்டரை மீட்டரிலிருந்து எட்டு மீட்டர் வரை தெளிவாக விழும். ஃபோகஸ் வளையத்தைத் திருகத் தேவையில்லை. முகம் வெயிலுக்கு வரும்வரை காத்திருங்கள். 36 படமும் அந்தத் தெருவிலேயே தீரட்டும். விலைக்கு அதுதான் நியாயம்.

பழசு மோகமா என்று கேட்டீர்கள். 1944இல் காலமான புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் இதே கொழும்பில் இருட்டறைக்குள் சோலரைசேஷன் (படம் கழுவும்போது வெளிச்சம் காட்டி ஒளியையும் நிழலையும் ஓரளவு தலைகீழாக்குவது) செய்தார், நெகட்டிவ்களை ஒன்றோடொன்று சேர்த்துப் படம் உண்டாக்கினார். அவர் கையில் பிலிம் துணிந்து பரிசோதிக்கும் பொருளாக இருந்தது. கறுவாத்தோட்டத்தில் அவர் பெயரிலுள்ள அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகிறோமே, அவர் படங்களையும் தேடிப் பாருங்கள்.

சரி, ரோலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்து ஒரு மணித்தியாலமாவது கழித்து டப்பாவைத் திறவுங்கள். இல்லையென்றால் நம் ஊர் ஈரக்காற்றில் பிலிம் வேர்த்துவிடும். அதற்கும் முன்னால் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உள்ளே சிலந்தி வலை போல ஓடியிருந்தால் அது பூஞ்சணம். ரோல் வாங்குமுன் துப்புரவாக்கக் கொடுங்கள்.

அன்புடன்,
அண்ணா