காலையில் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குளிர் தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டது. கண்ணாடியையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கண்ணாடிமேல் தப்பில்லை, வீட்டுக்குள் இருக்கும் ஈரம்தான் அங்கே வந்து உட்காருகிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே கதைதான். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 0 டிகிரிக்கு இறங்கினால் 5 கிராம்கூடத் தாங்காது. மிச்சம் எங்கே போகும்? அறையில் எந்த இடம் ரொம்பக் குளிர்ந்திருக்கிறதோ அங்கே தண்ணீராக இறங்கிவிடும். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 9 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பும் நனையும். வெளியே 0 டிகிரி இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் 5 டிகிரி வாக்கில்தான் நிற்கும், அது நனையாமல் என்ன செய்யும்? நடுவே இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்த சாதாரண இரட்டைக் கண்ணாடி 12, 13 டிகிரியில் நிற்பதால் தப்பிக்கிறது. ஆனால் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குப் போனால் அதுவும் நனையத்தான் செய்யும்.

ஈரத்தைக் குறைக்காமல் கண்ணாடியை மட்டும் மாற்றினால் அது அடுத்த குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகும். பெரும்பாலும் அது பீரோவுக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சுவர் மூலை. கண்ணாடியில் இருந்தவரை கண்ணில் பட்டது, துடைத்தீர்கள். அங்கே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஈரம் குறையும்வரை துடைப்பதை நிறுத்த வேண்டாம். துடைத்த துணியைக் குளியலறையில் பிழிந்து வெளியே காயப்போடுங்கள், அதே அறையில் தொங்கவிட்டால் துடைத்த தண்ணீர் திரும்பக் காற்றுக்கே போய்விடும். இன்னொன்று: பல ஜன்னல்களில் சட்டத்தின் அடிப்பகுதியில் தண்ணீர் வெளியே வடிவதற்கென்றே சின்னத் துளைகள் இருக்கும். தூசியும் செத்த பூச்சியும் சேர்ந்து அவை அடைத்துப்போய், தண்ணீர் ரப்பர் ஓரமாகத் தேங்கி, அங்கேதான் முதல் கறுப்புப் புள்ளி வரும். ஒரு மெல்லிய குச்சியை விட்டுக் குத்திவிட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வெளியே வடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் கூரை ஒழுகவில்லை, குழாய் கசியவில்லை. இவ்வளவு ஈரம் எங்கிருந்துதான் வருகிறது?

பதில்: உங்களிடமிருந்துதான்! தூங்கும் ஒருவரின் மூச்சும் தோலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரைக் காற்றில் விடுகின்றன. மூடிய அறையில் இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டரைத் தாண்டிவிடும், காலையில் நீங்கள் துடைப்பதில் அதுவும் சேர்த்தி. அப்புறம் வெந்நீர்க் குளியல், மூடாமல் கொதிக்கும் பாத்திரம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆள் வீட்டுக்குள் காயும் துணி, ஒரு முறை துவைத்த துணிகளே 2 லிட்டர் வரை காற்றுக்குக் கொடுத்துவிடும். வெளியே உலர்த்த வழியில்லையென்றால் ஒரே அறையில், கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்தோ எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டோ உலர்த்துங்கள். கூடத்தில் கொடி கட்டாதீர்கள்.

புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் வைத்திருக்கிறீர்களா? ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் நீராவியாக அறைக்குள்ளேயே வரும். அதைவிட மோசம் கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் ஆளையே கொல்லும். தூங்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வெளியே மழையும் குளிருமாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் இன்னும் உள்ளே வராதா? அறையின் சூடும் போய்விடுமே?

பதில்: எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. 5 டிகிரியில் மழைக்காற்று நூறு சதவீதம் ஈரமாக இருந்தாலும் அதில் ஒரு கன மீட்டருக்கு 7 கிராமுக்கும் குறைவான நீராவிதான் இருக்கிறது. அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 40 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். எதிரெதிர் ஜன்னல்களை முழுசாகத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் வையுங்கள், பிறகு மூடிவிடுங்கள். காற்று மட்டும்தான் மாறும். சுவரும் சாமான்களும் சூட்டை வைத்திருப்பதால் அறை சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைப்பதுதான் தப்பு, காற்றும் சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவரும் சில்லிட்டுப்போய்ப் பூஞ்சைக்கு வசதியாகிவிடும். காலையில் எழுந்ததும், படுக்கும் முன், குளித்து முடித்ததும் என்று பழக்கிக்கொள்ளுங்கள். வெளியே வெதுவெதுப்பும் புழுக்கமும் உள்ள நாளில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும், கடுங்குளிரில் 50-க்குக் கீழேயே வைக்கப் பாருங்கள்.

கேள்வி: ஆள் இல்லாத அறையைச் சூடாக்காமல் பூட்டி வைத்திருக்கிறோம். அங்கே யாருமே இல்லை, ஆனாலும் பூஞ்சை!

பதில்: வீட்டின் மற்ற பகுதியிலிருந்து நீராவி கதவிடுக்கு வழியே போய்ச் சேர்ந்துவிடும், குளிர்ந்த சுவர் அங்கே தயாராகக் காத்திருக்கும். லேசாகவாவது சூடாக்குங்கள், 16 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். இராத்திரி மட்டும் கதவைத் திறந்து கூடத்துச் சூட்டை உள்ளே விடுவது உதவாது, சூட்டோடு ஈரமும் போகும்.

கேள்வி: கிண்ணத்தில் உப்பு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாமே?

பதில்: அலமாரிக்குள் வேண்டுமானால் கொஞ்சம் இழுக்கும், அறைக்கு எடுபடாது. செலவு செய்வதாக இருந்தால் காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர் கருவி வாங்குங்கள். ஆனால் கம்ப்ரசர் வகை குளிர்ந்த அறையில் சோர்ந்துவிடும், 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் அறைக்கு ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகைதான் சரி.

கேள்வி: ஜன்னல் ஓரத்திலும் சுவர் மூலையிலும் கறுப்பாகப் பூஞ்சை வந்துவிட்டது. வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருக்கிறது. பிளீச் போட்டால் போகுமா?

பதில்: முதலில் குழந்தையை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாசத் தொல்லைகளும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. சுத்தம் செய்யும்போதும் குழந்தை அந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், விதைத்துகள் வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை எறிந்துவிட்டு, இடத்தை முழுசாக உலர்த்துங்கள். பெரும்பாலான இடங்களுக்கு இதுவே போதும், பிளீச் தேவைப்படாது. அதையும் மீறிப் போடுவதானால் வினிகரோடோ அமோனியா உள்ள கிளீனரோடோ கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும். ஓரத்தில் அடைத்திருக்கும் சிலிகோன் பூச்சுக்குள்ளேயே கறுப்பு இறங்கியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஜிப்சம் பலகை ஊறிப் பூத்திருந்தால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். மேலே பெயின்ட் அடித்து மறைப்பது வீண் செலவு, சில வாரங்களில் பெயின்டைத் துளைத்துக்கொண்டு திரும்ப எட்டிப் பார்க்கும்.

துடைத்ததோடு விட்டால் மறுபடி வரும். பூஞ்சைக்குச் சொட்டும் தண்ணீர்கூட வேண்டாம், சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நின்றாலே போதும். அதனால் பீரோவை வெளிச்சுவரிலிருந்து அஞ்சு, பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள், தடித்த திரைச்சீலையைப் பகலில் முழுசாக விலக்கிவிடுங்கள்.

ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்து உலர்ந்த சுவரில் அலுமினியத் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் சுவர் வழியாக வரும் கசிவு, அதற்கு ஜன்னலைத் திறந்து பயனில்லை, ஆளைக் கூப்பிட்டுக் கசிவைக் கண்டுபிடியுங்கள்.

கேள்வி: இரட்டைக் கண்ணாடிதான் போட்டிருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே பனிபோல் மங்கலாக இருக்கிறது, எப்படித் துடைப்பது?

பதில்: துடைக்க முடியாது. ஓரத்து சீல் போய்விட்டது, உள்ளே ஈரம் உறிஞ்ச வைத்திருந்த மணிகளும் நிறைந்துவிட்டன. சட்டம் நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டாம், கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். முதலில் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். இதே மங்கல் வெளிப்பக்கத்தில் விடியற்காலையில் மட்டும் தெரிந்தால் கவலையே வேண்டாம், வீட்டுச் சூடு வெளியே போகாமல் கண்ணாடி நன்றாகத் தடுக்கிறது என்று அர்த்தம்.