வெர்ஷன் எண்ணை எங்கே வைப்பது? வாசகர் கேள்விகள்

கே: அலுவலக பில்களுக்குச் சொந்தமாக ஒரு எக்ஸ்எம்எல் (தகவலை டேகுகளுக்குள் எழுதும் முறை) வடிவம் தயாரிக்கிறோம். ரூட் எலிமென்ட்டில் (எல்லாவற்றையும் சுற்றியிருக்கும் வெளி டேகில்) வெர்ஷன் எண்ணைச் சொல்லும் அட்ரிபியூட் கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆனால் வைப்பதானால், தனக்குத் தெரியாத எண்ணைப் பார்த்ததும் ஃபைலைப் படிக்கும் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் பதிப்பிலேயே எழுதிவிடுங்கள். ஃபைலைத் திருப்பி அனுப்பவா, தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தாண்டிப் போகவா? இதைச் சொல்லாத வெர்ஷன் எண், ஓடாத கடிகாரத்தைச் சுவரில் மாட்டியது மாதிரி.

எக்ஸ்எம்எல்லே இதில் அடிபட்டது. 1998-இல் வந்த 1.0, தெரியாத எண் வந்தால் பார்சர் (ஃபைலைப் படித்துப் பிரிக்கும் நிரல்) பிழை காட்டலாம் என்று விட்டிருந்தது. 2004-இல் 1.1 வந்தது. அந்த எண்ணைப் போட்டால் பழைய பார்சர்கள் மறுக்கும் என்பதால் பெரும்பாலோர் அதன் பக்கமே போகவில்லை. கடைசியில் 2008-இல், 1.0-இன் ஐந்தாம் பதிப்பில்தான் 1.1-இன் முக்கியச் சலுகையை, அதாவது டேக் பெயர்களில் இன்னும் பல எழுத்துகளை அனுமதிப்பதை, 1.0-க்கே கொடுத்தார்கள். 1.0 பார்சர், 1-இல் தொடங்கும் எந்த எண்ணையும் ஏற்க வேண்டும் என்பதும் அப்போதுதான் வந்தது.

எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி இதை 1999-லேயே யோசித்துவிட்டது. வெர்ஷன் 1.0 இல்லையென்றால், தெரியாத கட்டளை ஃபைலில் இருப்பதே பிழையாகாது. அதை இயக்க வேண்டிய கட்டம் வந்தால் அதன் உள்ளே இருக்கும் ஃபால்பேக் (மாற்று வழி) எலிமென்ட் ஓடும். அதுவும் இல்லையென்றால்தான் பிழை. காப்பியடிக்க வேண்டிய ஏற்பாடு.

கே: 1.9-க்கு அடுத்து 1.10 போடலாமா?

தசம எண்ணாக அறிவித்திருந்தால் 1.10-ம் 1.1-ம் ஒன்றே. சரமாக, அதாவது வெறும் எழுத்து வரிசையாக, ஒப்பிட்டால் 1.10, 1.9-க்கு முன்னால் போய் நிற்கும். சரமாக அறிவித்து, புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் முழு எண்ணாக ஒப்பிடச் சொல்லுங்கள்.

கே: எண்ணை நேம்ஸ்பேஸிலேயே (டேக் பெயர்கள் எந்த வடிவத்தைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளத்திலேயே) வைத்துவிட்டால்?

பெரிய மாற்றத்துக்கு மட்டும் சரி. சின்ன மாற்றத்துக்கெல்லாம் நேம்ஸ்பேஸை மாற்றினால், பழைய நிரலின் எக்ஸ்பாத் (ஃபைலுக்குள் தேடும் குறிப்பு) ஒன்றும் கண்டுபிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பும். பிழைச் செய்தி கூட வராது, அதுதான் மோசம். மொழிபெயர்ப்புக் கோப்பு வடிவமான எக்ஸ்லிஃப் 2.1 செய்தது நல்ல சமரசம்: மையப் பகுதியின் நேம்ஸ்பேஸ் 2.0 என்றே இருக்கும், வெர்ஷன் அட்ரிபியூட் மட்டும் 2.1 ஆகும். இணையதளங்களின் புதிய பதிவுகளைப் பட்டியலிடும் ஆட்டம் ஃபீட் வேறு வழியில் போனது. 0.3 வரை இருந்த வெர்ஷன் அட்ரிபியூட்டை 2005-இல் வந்த இறுதி வடிவத்தில் எடுத்தே விட்டார்கள்.

கே: இணையப் பக்கங்களின் எச்டிஎம்எல், படங்களுக்கான எஸ்விஜி எல்லாம் வெர்ஷனைக் கைவிட்டனவே, நாமும் விடலாமே?

பிரவுசரின் கதை வேறு. இருபது வருடப் பழைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அது ஒரே நிரலால் காட்டியாக வேண்டும். எண்ணைப் பார்த்து நடத்தையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நெட்ஸ்கேப் 4 காட்டியது: ஸ்கிரிப்ட் டேகில் ஜாவாஸ்கிரிப்ட் 1.2 என்று எழுதினால், இரண்டு மதிப்புகளை ஒப்பிடும் இரட்டைச் சமக்குறியின் (==) பொருளே மாறிவிடும்! உங்கள் பில்லைப் படிப்பது நாலைந்து மென்பொருள்கள். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் யார் என்றும் தெரியும். எண் இருக்கட்டும்.

கே: எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் (ஃபைல் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளின்) வெர்ஷன் அட்ரிபியூட்டில் 1.1 போட்டும், ஃபைலைச் சரிபார்க்கும் வாலிடேட்டர் ஸ்கீமா மொழியின் 1.1 விதிகளை ஏற்கவில்லை.

ஏற்காது. அது உங்கள் ஸ்கீமாவின் பதிப்பு எண், ஸ்கீமா மொழியின் எண் அல்ல. வாலிடேட்டர் அதைச் சட்டை செய்வதில்லை. 1.1-ஐ வாலிடேட்டரின் செட்டிங்கில் தேடுங்கள்.