முதலில் பத்திரத்தைப் பாருங்கள்

ஐயா, ஊருணியைப் பராமரிக்க உங்கள் பாட்டனார் நகராட்சியிடம் விட்டுச்சென்ற அறக்கட்டளைப் பணத்தில் தெருவிளக்கு போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வீதி மழைநீரெல்லாம் ஊருணிக்குச் சேரும்படி ஊரமைத்த செட்டிநாட்டில் இப்படி நடப்பது மனசுக்கு வேதனையாக இருக்கிறது.

முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர நகல் வாங்குங்கள். அசல் தொகையைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிட வேண்டும் என்று அதில் இருக்கிறதா? எல்லாம் அந்த வரியில்தான் இருக்கிறது. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, வைப்புத்தொகை இருப்பு, ஆண்டுவாரி வட்டி, செலவுக்கான நகர்மன்றத் தீர்மான நகல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மீறல் உறுதியானால், அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். ஊர்க்காரர் ஒருவரை இப்போதே கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.